மூலமும் உரையும்: கட்டற்ற வலைத்தள மென்பொருள்களுக்கு விளக்கநூல் எழுதும் முறை

தமிழ் இலக்கண இலக்கியங்களை அச்சேற்றியவர்கள் நூலின் முகப்பில் 'மூலமும் உரையும்' என்று பொறிப்பது நெடுங்கால வழக்கம். இன்று கணிப்பொறித் துறையிலும் 'மூலம்' என்னும் சொல் வழங்குகிறது. ஒரு மென்பொருளை ஆக்கியோர் எழுதிய நிரலே அதன் மூலம். அம்மூலத்தை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்னும் உரிமையோடு வெளியிடப்படுவனவற்றைத் திறந்த மூல மென்பொருள்கள் என்பர். கட்டற்ற மென்பொருள்கள் என்பாரும் உளர். (இவ்விரு பெயர்களுக்கும் இடையே கொள்கை வேறுபாடு உண்டு. அதனை இங்கே விரிக்கப் புகுந்தால் நன்னூலார் 'மற்றொன்று விரித்தல்' என்று குற்றம் காண்பார்.) இத்துறையில் மூலத்திற்குப் பஞ்சமில்லை. விலையின்றிக் கிடைக்கிறது, வேண்டிய மட்டும் கிடைக்கிறது. உரைதான் கிடைப்பதில்லை. கிடைப்பதும் நம்மைப் போன்ற முதல் தலைமுறை மாணவர்களுக்கு எளிதில் விளங்குவதில்லை. ஏன் விளங்குவதில்லை, எப்படி எழுதினால் விளங்கும் என்பனவே இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

வலைத்தளம் அமைப்பதற்கென உள்ள கட்டற்ற மென்பொருள்களுள் நான்கின் பெயர்களை அறிந்திருத்தல் நலம். துருபல் என்பது பெல்ஜியம் நாட்டு மாணவராக இருந்த திரீஸ் பைட்டார்ட் எழுதியது. 2001-இல் மூலம் வெளியிடப்பட்டது. விக்கிப்பீடியாவுக்கென 2002-இல் எழுதப்பட்டது மீடியாவிக்கி. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் இதன்மேல்தான் இயங்குகிறது. 2003 மே மாதம் மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகிய இருவரும் பழைய மென்பொருள் ஒன்றின் மூலத்தை எடுத்துத் திருத்தி வெளியிட்டது வேர்ட்பிரஸ். 2005-இல் மாம்போ என்னும் மென்பொருளினின்று கிளைத்தது ஜூம்லா. இவற்றுள் வேர்ட்பிரஸின் ஆட்சியே பெரிது. உலகிலுள்ள வலைத்தளங்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் அதனால் ஆனவை என்பது கணக்கெடுப்போர் கூற்று.

இவையனைத்திற்கும் பொதுவான குணம் நெகிழ்ச்சி. வாங்கியபடியே பயன்படுத்தும் தையல் இயந்திரம் போன்றவை அல்ல இவை. துணியும் நூலும் அளவுகோலும் தந்து, சட்டையோ பாவாடையோ நீங்களே தைத்துக் கொள்ளுங்கள் என்று விட்டுவிடும் தன்மையன. நம் பகுதியிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுக் காட்டலாம்.

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் மண் ஒரு காலத்தில் கடலடியாக இருந்தது என்பதை நாம் அறிவோம். காரையிலும் கல்லங்குறிச்சியிலும் கிளிஞ்சல்களும் அம்மோனைட்டு என்னும் சுருள் ஓட்டு உயிர்களும் கல்லாகிக் கிடக்கின்றன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் படுத்திருக்கிறது. 1862-இல் பிளான்போர்டு என்னும் ஆங்கிலேயர் இப்பாறைகளை ஆராய்ந்து எழுதினார். ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்னும் மூன்று தொகுதிப் பெயர்கள் நிலவியல் நூல்களில் நிலைத்துவிட்டன. இவற்றைப் பற்றி மாணவர்கள் ஒரு வலைத்தளம் அமைக்க விரும்புகிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். ஒவ்வோர் எச்சத்திற்கும் கிடைத்த ஊர், பாறைத் தொகுதி, அளவு, புகைப்படம் ஆகிய நான்கும் வேண்டும். ஊர் வாரியாகவும் தொகுதி வாரியாகவும் தேட இயல வேண்டும். துருபல் இதனைச் செய்யும். வேர்ட்பிரஸும் ஒரு செருகுநிரலின் துணையோடு செய்யும். ஆனால் 'கல்மரத்தை எப்படிப் பதிவது?' என்ற கேள்விக்கு விடை எந்த விளக்கநூலிலும் இராது. இருக்கவும் இயலாது. 'உள்ளடக்க வகை', 'புலம்', 'வகைப்பாட்டுச் சொல்' என்ற பொதுப்பெயர்களால் மட்டுமே அந்நூல் பேசும். கல்மரம் என்பது ஓர் உள்ளடக்க வகையின் ஓர் உருப்படி, ஊர் என்பது ஒரு புலம், பாறைத் தொகுதி என்பது ஒரு வகைப்பாடு என்று தானே பொருத்திக் காண வல்லவனுக்கு நூல் உதவும். மற்றவனுக்கு அது பூட்டிய பெட்டி.

நெகிழ்ச்சி தரும் தொல்லை இதுவே. எல்லாம் செய்யவல்ல மென்பொருளுக்கு எழுதப்படும் உரை, குறிப்பாக எதையும் சொல்ல அஞ்சுகிறது.

இரண்டாவது தொல்லை காலத்தால் வருவது. வேர்ட்பிரஸ் 5.0 பதிப்பு 2018 டிசம்பர் 6-ஆம் நாள் வெளிவந்தபோது, எழுதும் பலகையே மாறிற்று. அதற்கு முன் எழுதப்பட்ட பாடங்களின் படங்கள் அனைத்தும் ஒரே நாளில் பழங்கதையாயின. 2022 சனவரியில் வந்த 5.9 பதிப்போடு பிளாக் தீம் என்னும் புதிய வகைத் தோற்றம் இயல்பாகவே இணைந்து வந்தது. அவ்வகைத் தோற்றத்தை இட்டுக்கொண்டால், 'அப்பியரன்ஸ்' என்பதன் கீழிருந்த 'மெனுஸ்' என்னும் சொல்லே காணாமற் போகிறது. அவ்விடத்தில் 'எடிட்டர்' என்னும் சொல் நிற்கிறது. பழைய பாடத்தை வைத்துக்கொண்டு 'மெனுஸ் என்பதை அழுத்துக' என்ற வரியில் நிற்கும் மாணவன் என்ன செய்வான்? நூல் பொய் சொல்கிறது என்று எண்ணமாட்டான். தனக்குத்தான் தெரியவில்லை என்று எண்ணுவான். இதுவே என் மனத்தை மிகவும் உறுத்துவது. பட்டணத்தில் அடுத்த நாற்காலியில் வல்லவர் ஒருவர் இருக்கக்கூடும், கேட்டுக் கொள்ளலாம். வேப்பந்தட்டையிலோ திருமானூரிலோ கைபேசியை மட்டும் வைத்துக்கொண்டு கற்பவனுக்கு நூல்தான் ஆசிரியர். அந்த ஆசிரியர் பிழைபடச் சொன்னால் அவன் அத்துறையையே விட்டு விலகுகிறான்.

காலம் மாறினால் சரியான கூற்றும் பிழையாகும் என்பதற்கு நம் மாவட்டங்களே சான்று. கங்கைகொண்ட சோழபுரம் எந்த மாவட்டத்தில் உள்ளது? 1990-இல் அச்சான நூல் திருச்சிராப்பள்ளி என்னும். 1998-இல் அச்சான நூல் பெரம்பலூர் என்னும். 2001-இல் அரியலூர், 2002-இல் மீண்டும் இணைக்கப்பட்டமையால் 2003-இல் வந்த நூலில் மறுபடியும் பெரம்பலூர், 2007 நவம்பருக்குப் பின் அரியலூர். எழுதிய காலத்தில் எந்நூலும் பிழையன்று. ஆண்டைப் பார்க்காமல் படிப்பவன்தான் குழம்புகிறான். நூலின் முதற்பக்கத்தில் ஆண்டு அச்சிடப்பட்டிருப்பதால் நாம் தப்பிக்கிறோம். மென்பொருள் விளக்கங்களிலோ இது எந்தப் பதிப்புக்கு உரியது, எந்நாள் சரிபார்க்கப்பட்டது என்ற இரண்டு குறிப்புகளும் பெரும்பாலும் இருப்பதில்லை. இவ்விரண்டையும் பக்கத்தின் தலையில் இடுவது ஒரு நிமிட வேலை. விளக்கநூலைச் செம்மைப்படுத்த விரும்புவோர் வேறொன்றும் செய்ய இயலாவிடினும் இதனைச் செய்யலாம்.

நன்னூலார் வகுத்த நெறி

உரை எழுதும் கலையில் தமிழர்க்கு நெடிய பயிற்சி உண்டு. நூல் என்பது எப்படி இருத்தல் வேண்டும், உரை எப்படி இருத்தல் வேண்டும் என்பதைப் பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்திலேயே வகுத்து வைத்தார். மென்பொருள் விளக்கம் எழுதுவோர்க்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேறு மொழியில் உண்டா என்பது எனக்கு ஐயமே.

அவர் நூலுக்குக் கூறும் பத்துக் குற்றங்களுள் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். 'குன்றக் கூறல்' என்பது வேண்டியதினும் குறைத்துச் சொல்லுதல். 'தரவுத்தளத்தை அமைத்த பின் நிறுவலைத் தொடங்குக' என்று ஒரே வரியில் முடிப்பது இக்குற்றம். தரவுத்தளம் அமைப்பதுதான் புதியவனுக்கு மலை. 'மயங்க வைத்தல்' என்பது இதுவோ அதுவோ என்று படிப்பவன் திகைக்கும்படி எழுதுதல். வேர்ட்பிரஸில் 'பக்கம்' என்பதும் 'பதிவு' என்பதும் வெவ்வேறானவை. பக்கம் நிலைத்து நிற்பது. பதிவு நாள்வரிசையில் அடுக்கப்படுவது. உரைகாரர் இரண்டையும் 'பக்கம்' என்றே எழுதிவிட்டால் படிப்பவன் தன் கட்டுரையைத் தேடிக்கொண்டே இருப்பான். 'சென்று தேய்ந்து இறுதல்' என்பது தொடக்கத்தில் விரிவாகவும் போகப்போக நலிந்தும் முடிவது. இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் இக்குற்றமே மிகுதி. நிறுவும் முறைக்குப் பன்னிரண்டு படங்கள் இருக்கும். காப்புப்படி எடுப்பதற்கு ஒரு வரிகூட இராது. எழுதியவர் ஊக்கம் அங்கே தீர்ந்து போயிற்று என்பது நமக்குத் தெரிகிறது. ஆனால் தளம் பழுதுபட்ட அன்று தேவைப்படுவது அந்தக் கடைசி வரிதான்.

பாயிரத்தில் இன்னொரு பகுதி உண்டு. ஒரு நூலைத் தொடங்குமுன் அதன் நுதலிய பொருள் எது, கேட்போர் யார், பயன் யாது என்றெல்லாம் சொல்ல வேண்டும் என்கிறார். அவற்றோடு 'யாப்பு' என்பதையும் சேர்க்கிறார். இன்ன நூலைக் கற்ற பின்னரே இன்ன நூலைக் கற்கவேண்டும் என்னும் தொடர்ச்சியையே யாப்பு என்ற சொல்லால் உரையாசிரியர்கள் குறிக்கின்றனர்.

இதைப் படித்துவிட்டுத் துருபல் பயனர் வழிகாட்டியைத் திறந்து பாருங்கள். துருபல் எட்டாம் பதிப்பு 2015 நவம்பரில் வந்த பின் தன்னார்வலர் குழுவொன்று புதிதாக எழுதிய நூல் அது. அதில் ஒவ்வொரு செய்முறைப் பாடத்தின் தலையிலும் 'குறிக்கோள்' என்று ஒரு பகுதி. அது நம் 'பயன்'. அடுத்து 'முன்னறிவு' என்று ஒரு பகுதி. இன்னின்ன பாடங்களைப் படித்த பின் இதற்கு வருக என்று அவற்றின் பெயர்களைச் சுட்டுகிறது. அதுவே 'யாப்பு'. பிறகு தளத்தில் முன்கூட்டியே இருக்கவேண்டியவை, பிறகு படிப்படியாகச் செய்ய வேண்டியவை, இறுதியில் மேற்கொண்டு அறிய வேண்டியவை. கருத்தை விளக்கும் பாடம் வேறு, செய்முறையைக் காட்டும் பாடம் வேறு என்று பிரித்தும் வைத்திருக்கிறார்கள். நன்னூலை அவர்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. கற்போன் படும் பாட்டை உணர்ந்து எழுதினால் எந்நாட்டவரும் ஏறத்தாழ ஒரே இடத்திற்குத்தான் வந்து சேர்கிறார்கள் போலும்.

அந்நூலின் மற்றொரு சிறப்பு நமக்கு இன்னும் நெருக்கமானது. பொதுப்பெயர்களால் பேசும் தொல்லையை முன்னர்க் கூறினோம் அல்லவா? அதற்கு அவர்கள் கண்ட மருந்து ஒரே ஓர் எடுத்துக்காட்டை நூல் முழுவதும் கொண்டு செல்வது. அவர்கள் எடுத்துக்கொண்டது ஓர் ஊரின் உழவர் சந்தை! சந்தையில் கடை போடுவோர் ஒவ்வொருவர்க்கும் ஒரு பக்கம். அவர்கள் தரும் சமையற் குறிப்புகளுக்கு ஒரு பக்கம். குறிப்பில் வரும் காய்கறிப் பெயரை அழுத்தினால் அக்காய்கறி சேர்ந்த குறிப்புகள் எல்லாம் வரும். கடைக்காரர் தம் பக்கத்தைத் தாமே திருத்தலாம், பிறர் பக்கத்தைத் தொடக்கூடாது. உள்ளடக்க வகை, புலம், வகைப்பாடு, பயனர் உரிமை ஆகிய நான்கு கடினமான கருத்துகளும் இச்சந்தைக்குள் அடங்கிவிட்டன.

தமிழ்நாட்டில் உழவர் சந்தைத் திட்டம் 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கியது. பெரம்பலூரிலும் அச்சந்தை உண்டு. அந்த வழிகாட்டியைத் தமிழாக்கும்போது வெளிநாட்டுச் சந்தையை அப்படியே கொண்டுவர வேண்டியதில்லை. சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் விளையும் நம் ஊர்ச் சந்தையாகவே எழுதலாம். அவ்வாறு மாற்றி எழுதவும் வெளியிடவும் அந்நூலின் உரிமம் இடங்கொடுக்கிறது. மூலநூலைக் குறிப்பிட்டு, நாம் ஆக்குவதையும் அதே உரிமத்தில் வெளியிட்டால் போதும்.

உரிமம் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்டு ஸ்டால்மன், மென்பொருளைப் போலவே அதன் கைந்நூலும் கட்டற்றதாக இருத்தல் வேண்டும் என்று வற்புறுத்தியவர். காரணம் எளியது. மூலத்தைத் திருத்தும் உரிமை எனக்கு உண்டு, உரையைத் திருத்தும் உரிமை இல்லை என்றால், நான் மூலத்தைத் திருத்திய நாளிலேயே உரை பிழையாகிவிடும். கைந்நூல்களுக்கென்றே தனி உரிமம் ஒன்றைக் குனு திட்டத்தார் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

சிந்தாமணி கற்பிக்கும் பாடம்

உரை இருந்தும் விளங்காத நிலை ஒன்று உண்டு. அதற்கு நம் மண்ணோடு தொடர்புடைய ஒரு வரலாறு இருக்கிறது. டாக்டர் உ.வே.சாமிநாதையர் இளமையில் கற்றது இப்பகுதியில்தான். அரியலூரில் சடகோப ஐயங்காரிடம் தமிழ்ச் சுவையை அறிந்தார். நன்னூலைக் கார்குடி கஸ்தூரி ஐயங்காரிடமும், யாப்பருங்கலக் காரிகையைச் செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடமும் பாடங் கேட்டார். அத்தகையவர் பின்னாளில் கும்பகோணத்தில் ஆசிரியராக இருந்தபோது சீவக சிந்தாமணியை எடுத்தார். கையில் நச்சினார்க்கினியர் உரை இருந்தது. ஆயினும் பல இடங்கள் விளங்கவில்லை. சமண சமயக் கருத்துகளைப் படிப்போர் அறிந்திருப்பர் என்று கொண்டே உரை நடந்தது. ஐயரவர்கள் அவ்வூர்ச் சமணர்களிடம் சென்று கேட்டுத் தெளிந்தார். 1887-இல் நூலைப் பதிப்பித்தார்.

உரைகாரர் மீது குறை இல்லை. அவர் தம் காலத்துப் படிப்பாளிக்கு எழுதினார். ஆனால் படிப்பவர் மாறிவிட்டால், சொல்லாமல் விட்டவை அனைத்தும் இருட்டாகிவிடுகின்றன. வேர்ட்பிரஸ் தளத்தில் 'எரர் எஸ்டாப்ளிஷிங் எ டேட்டாபேஸ் கனெக்ஷன்' என்று ஒரு வரி வருவதுண்டு. பழகியவருக்கு அதன் பொருள் உடனே புலப்படும்: அமைப்புக் கோப்பில் தரவுத்தளப் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல், வழங்கி முகவரி ஆகிய நான்கில் ஒன்று தவறாக இருக்கலாம், அல்லது தரவுத்தள வழங்கி நின்றுபோயிருக்கலாம். புதியவனுக்கோ தளம் முழுவதும் அழிந்துவிட்டது என்றே தோன்றும். உண்மையில் ஒரு கட்டுரைகூட அழிந்திராது. 'அஞ்ச வேண்டாம், உங்கள் எழுத்துகள் தரவுத்தளத்தில் இருக்கின்றன' என்ற ஒரு வாக்கியத்தை எழுத எந்த விளக்கநூலாருக்கும் தோன்றுவதில்லை. ஏனெனில் அவர்கள் அஞ்சிய காலம் நெடுந்தொலைவில் இருக்கிறது.

இதனாலேயே மாணவர் எழுதும் உரைக்கு ஒரு தனி மதிப்பு உண்டு என்று நான் கருதுகிறேன். நேற்றுக் கற்றவனுக்குத்தான் எந்த இடத்தில் கால் இடறிற்று என்பது நினைவிருக்கும்.

நால்வகை உரை

உரையிலும் வகை உண்டு. நன்னூலார் காண்டிகை, விருத்தி என இரண்டாகக் கூறினார். மென்பொருள் உலகில் டேனியல் புரோசிடா என்பவர் நான்காகப் பிரித்துக் காட்டினார். பலரும் இன்று அதனைப் பின்பற்றுகின்றனர். நம் மரபுப் பெயர்களால் அவற்றை இவ்வாறு சொல்லலாம். கையைப் பிடித்து முதன்முதலாக எழுத வைப்பது அரிச்சுவடி. தெரிந்தவனுக்கு ஒரு குறிப்பிட்ட வேலையை முடித்துத் தருவது செய்முறைக் குறிப்பு. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தேட உதவுவது நிகண்டு. ஏன் இப்படி அமைந்தது என்று காரணம் கூறுவது விருத்தி.

நான்கும் வேண்டும், நான்கையும் ஒரே பக்கத்தில் கலக்கக் கூடாது. அரிச்சுவடி கற்கும் பிள்ளையிடம் எழுத்துகளின் வரிவடிவ வரலாற்றைச் சொன்னால் பிள்ளை எழுந்து ஓடிவிடும். வேர்ட்பிரஸின் பழைய விளக்கத் தொகுப்புக்குக் 'கோடெக்ஸ்' என்று பெயர். இலத்தீன் மொழியில் கட்டிய ஏடு என்று பொருள், நல்ல பெயர்தான். விக்கி முறையில் யாரும் எழுதலாம் என்று விட்டிருந்தனர். வளர்ச்சி பெரிதாயிற்று, கலப்பும் பெரிதாயிற்று. பின்னர்ப் பயன்படுத்துவோர்க்கு ஒன்றும் நிரல் எழுதுவோர்க்கு ஒன்றுமாகத் தனித்தனியே பிரித்து எழுத வேண்டியதாயிற்று.

ஒரு மாதிரி

கோட்பாடு போதும், ஒரு சிறு செய்முறைக் குறிப்பை எடுத்துத் திருத்திப் பார்ப்போம். உழவர் சந்தைத் தளத்தில் 'விலைப்பட்டியல்' என்னும் பக்கத்தை மேல்வரிசைப் பட்டியில் சேர்க்க வேண்டும். வழக்கமாக இப்படி எழுதியிருப்பார்கள்: 'அப்பியரன்ஸ் பகுதிக்குச் சென்று மெனுவில் தேவையான பக்கத்தைச் சேர்த்துக் கொள்ளவும்.'

ஒரே வாக்கியம்; நான்கு இடங்களில் இடறும். படிப்பவர் 'எடிட்டர்' நிலைப் பயனராக இருந்தால் அவர்க்கு 'அப்பியரன்ஸ்' என்ற சொல்லே திரையில் தோன்றாது. அது நிர்வாகிக்கு மட்டும் உரியது. பிளாக் தீம் இட்டிருந்தால் 'மெனுஸ்' இராது. பக்கம் இன்னும் வெளியிடப்படாமல் வரைவாக இருந்தால் பட்டியலில் காணப்படாது. எல்லாம் செய்து முடித்தும் சேமிக்கும் பொத்தானை அழுத்த மறந்தால் பயனில்லை. திருத்திய வடிவம் பின்வருமாறு அமையலாம்:

'பயன்: தளத்திற்கு வருவோர் முதற்பக்கத்திலிருந்தே விலைப்பட்டியலைத் திறக்கலாம். யார் செய்யலாம்: நிர்வாகி மட்டும், இடப்பக்கத்தில் அப்பியரன்ஸ் என்ற சொல் தெரியவில்லையெனில் நீங்கள் நிர்வாகி அல்லர், நிர்வாகியிடம் கேளுங்கள். முன்னதாக: விலைப்பட்டியல் பக்கம் வெளியிடப்பட்டிருக்க வேண்டும். இப்போது அப்பியரன்ஸ் என்பதன் கீழ்ப் பாருங்கள். மெனுஸ் என்று இருந்தால் முதல் வழி. எடிட்டர் என்று மட்டும் இருந்தால் இரண்டாம் வழி. முதல் வழி: மெனுஸ் என்பதை அழுத்துக. பக்கங்களின் பட்டியலில் விலைப்பட்டியல் என்பதன் முன் குறியிடுக. ஆட் டு மெனு என்பதை அழுத்துக. சேவ் மெனு என்பதை அழுத்துக. இரண்டாம் வழி: எடிட்டர் என்பதைத் திறந்து நேவிகேஷன் என்பதற்குச் செல்க. கூட்டல் குறியை அழுத்தி, பக்கத்தின் பெயரைத் தேர்ந்து, சேவ் என்பதை அழுத்துக. சரிபார்த்தல்: வேறொரு கைபேசியில் தளத்தைத் திறந்து பாருங்கள், மேல்வரிசையில் விலைப்பட்டியல் என்ற சொல் தெரிய வேண்டும்.'

நீளம் கூடிற்று, உண்மைதான். ஆனால் 'மிகைபடக் கூறல்' என்று இதனைச் சொல்ல இயலாது. ஒவ்வொரு வரியும் ஓர் இடறலைத் தடுக்கிறது. சிறப்பாகக் கடைசி வரி. செய்தது பலித்ததா என்று அறியும் வழியைச் சொல்லாத குறிப்பு, பாதியில் நிறுத்திய குறிப்பே.

இதனை எழுதி முடித்த பின் ஒரு சோதனை வேண்டும். தளம் அமைத்தறியாத ஒருவரை உட்கார வைத்து, குறிப்பை மட்டும் கையில் கொடுத்து, நாம் வாய் திறவாமல் பின்னால் நிற்க வேண்டும். அவர் எங்கே நிற்கிறார், எந்த வரியை இரண்டாம் முறை படிக்கிறார் என்று குறித்துக்கொண்டால் போதும். வாய் திறவாமல் நிற்பதுதான் கடினம். கணிப்பொறி படித்தவர்களுக்கு அது இன்னும் கடினம்.

கலைச்சொல்லும் திரைச்சொல்லும்

தமிழில் எழுதும்போது வரும் தனிச் சிக்கல் சொற்களால் ஆனது. 'பிளக்-இன்' என்பதற்குச் செருகுநிரல் என்பார் ஒருவர், சொருகி என்பார் மற்றொருவர், நீட்சி என்பார் வேறொருவர். மூன்றும் நல்ல தமிழே. எது சிறந்தது என்று தமிழ்த்துறையும் கணினித்துறையும் ஒரு பிற்பகல் முழுவதும் வாதிடலாம், வாதிடவும் வேண்டும். ஆனால் விளக்கநூலுக்கு வேண்டியது சிறந்த சொல் அன்று, திரையில் உள்ள சொல். தளத்தின் திரை ஆங்கிலத்தில் இருந்தால், அழுத்த வேண்டிய சொல்லை ஆங்கில ஒலியிலேயே எழுதி, அதன் பொருளைத் தமிழில் விளக்குவதே முறை. திரை தமிழில் இருந்தால் அத்தமிழ்ச் சொல்லையே, நமக்குப் பிடிக்காவிட்டாலும், எழுத்துப் பிசகாமல் எழுத வேண்டும். சொல்லை மாற்ற விரும்பினால் மொழிபெயர்ப்புத் தளத்திற்குச் சென்று திரையில் மாற்ற வேண்டும். அதற்கு வழி இருக்கிறது, தன்னார்வலர் யாரும் பரிந்துரைக்கலாம். நூலில் மட்டும் மாற்றினால் படிப்பவன் இல்லாத சொல்லைத் திரையில் தேடுவான். மேலே காட்டிய மாதிரியில் நான் 'சேவ் மெனு' என்று எழுதியதைக் கண்டு தமிழாசிரியர்கள் முகம் சுளித்திருக்கக்கூடும், காரணம் இதுவே.

எளிய தமிழில் கணினிநூல் எழுத முடியுமா என்ற ஐயம் இனித் தேவையில்லை. 2012 சனவரியில் தொடங்கிய கணியம் மின்னிதழ் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே கட்டுரைகளை வெளியிட்டது. அதன் வழியாகத் து. நித்யா எழுதிய 'எளிய தமிழில்' வரிசை நூல்கள், தரவுத்தளம், லினக்ஸ் முதலியவற்றைப் பற்றியவை, விலையின்றிப் பரவின. அந்நடையைக் கவனித்தால் ஆங்கிலக் கட்டளைகள் அப்படியே நிற்கும். விளக்கம் மட்டும் நாம் வகுப்பில் பேசும் தமிழில் வரும். தூய்மைவாதிகளுக்கு நிறைவு தராமற் போகலாம். படித்தவர்கள் வேலை செய்யக் கற்றார்கள்.

தளத்தின் தன்வரலாறு

இதுவரை மென்பொருளுக்கு எழுதும் உரையைப் பற்றியே பேசினோம். அதனினும் அவசரமான ஒன்று, நாம் அமைக்கும் ஒவ்வொரு தளத்திற்கும் எழுத வேண்டிய உரை. மாவட்ட நிர்வாகத்தின் வலைத்தளங்களைத் தேசியத் தகவலியல் மையத்தின் ஏற்பாடு தாங்கி நிற்கிறது. ஆள் மாறினாலும் நடக்கும். உழவர் குழு, நூலகம், பள்ளி முன்னாள் மாணவர் சங்கம் ஆகியவற்றின் தளங்களுக்கு அத்தகைய பின்பலம் இல்லை. இறுதியாண்டு மாணவர் ஒருவர் செயல்திட்டமாக அமைத்துக் கொடுப்பார். மே மாதம் அவர் திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போய்விடுவார். மறு ஆண்டு தள முகவரிக்குப் பணம் கட்ட வேண்டிய நாள் எவருக்கும் தெரியாது. அறிவிப்புக் கடிதம் அவருடைய பழைய மின்னஞ்சலுக்குப் போய்க் கிடக்கும். தளம் ஒருநாள் மறையும். மென்பொருள் கெட்டதில்லை, பணமும் இல்லாமற் போனதில்லை. நான்கு பக்க உரை இல்லை, அவ்வளவே.

அந்நான்கு பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்? முகவரி யார் பெயரில், எந்த நிறுவனத்தில், எந்நாள் வரை பதிவாகியுள்ளது என்பது முதலில். தளம் எந்த வழங்கியில் உள்ளது. மென்பொருளின் பதிப்பு எண் என்ன. எந்தத் தோற்றம், எந்தெந்தச் செருகுநிரல், ஒவ்வொன்றும் எதற்காக. இந்த 'எதற்காக' என்பதை எழுதாமல் விட்டால், பின்வருபவர் எதையும் நீக்க அஞ்சுவார். பத்து ஆண்டுகளில் தளம் பழம்பொருட் கிடங்காகிவிடும். காப்புப்படி எங்கே இருக்கிறது, அதனை மீட்கும் முறை யாது, கடைசியாக மீட்டுப் பார்த்தது எப்போது. கடவுச்சொற்களை இத்தாளில் எழுதக் கூடாது. அவை எவ்விருவர் பொறுப்பில் உள்ளன என்பதை மட்டும் பொறுப்பின் பெயரால் குறிக்க வேண்டும். 'செயலாளரும் நூலகரும்' என்று எழுதினால் ஆள் மாறினாலும் குறிப்பு நிற்கும்.

நம் துறைகளில் ஆண்டுதோறும் செயல்திட்ட அறிக்கைகள் தடித்த அட்டை போட்டு, பொன்னெழுத்துப் பொறித்து அளிக்கப்படுகின்றன. நிரலை அச்சிட்டே அறுபது பக்கம் நிரப்புவது வழக்கமாகிவிட்டது. அந்த அறுபது பக்கத்தை ஒருவரும் படிப்பதில்லை; நிரல் கணினியில் இருந்தால் போதும். அதற்கு ஈடாக மேற்சொன்ன நான்கு பக்கங்களையும், தளத்தைப் பயன்படுத்தப் போகிறவருக்கான ஐந்து செய்முறைக் குறிப்புகளையும் கட்டாயமாக்கி, அவற்றை வேறு துறை மாணவர் ஒருவர் படித்துச் செய்து காட்டிய பின்னரே மதிப்பெண் இடுவது என்று துறைத் தலைவர்கள் முடிவு செய்யலாம். விலங்கியல் மாணவர் செய்து காட்டினால் இன்னும் நல்லது. கணினி மாணவர் தெரிந்ததை வைத்து இடைவெளியை இட்டு நிரப்பிவிடுவார்.